சுண்டைக்காயும் சுமைகூலியும்: உலோக அச்சில் ஆற்றலின் கணக்கு



பாகான் டாலாமில் நின்று உலோகம் உருக்குவதைப் பற்றிப் பேசுவது பொருத்தமானதே. இங்கிருந்து சிறிது தொலைவில், பட்டர்வொர்த்தில், ஸ்ட்ரெய்ட்ஸ் டிரேடிங் நிறுவனம் 1902ஆம் ஆண்டில் வெள்ளீய உருக்காலை ஒன்றைத் தொடங்கியது. நம் பேச்சு வழக்கில் அது ஈய ஆலை. சுரங்கங்களிலிருந்து வந்த தாது அங்கே பெரிய உலைகளில் உருகிக் கட்டிகளாக வெளிவந்தது. உலை என்றாலே உள்ளே இட்டது முழுவதையும் ஒருசேரச் சூடேற்றுவதுதான்.

இன்று நான் பேசவிருக்கும் தொழில் அதற்கு நேர்மாறானது. உலோகத்தை மாவு போலத் தூளாக்கி, மெல்லிய அடுக்காகப் பரப்பி, வேண்டிய இடத்தை மட்டும் லேசர் ஒளிக்கற்றையால் உருக்கி, அதன்மேல் அடுத்த அடுக்கைப் பரப்பி, இவ்வாறு ஆயிரக்கணக்கான அடுக்குகளால் ஒரு பொருளை எழுப்பும் முறை அது. நாளேடுகள் அதை முப்பரிமாண அச்சு என்று எழுதுகின்றன. வேண்டிய இடத்தை மட்டும் உருக்குவதால் ஆற்றல் மிச்சமாகும் என்பது இத்தொழிலைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் கூற்று. கேட்டவுடன் நம்பத் தோன்றும் கூற்றும்கூட. அது உண்மைதானா என்று பார்ப்பதே இந்த உரையின் நோக்கம்.

மொழியியல் படித்தவனுக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். இந்தக் கேள்விக்கு விடை காண முற்பட்டபோது, இயந்திரத்திற்கு முன்பே சொற்கள்தாம் என்னை வழிமறித்தன. ஆகவே சொற்களிலிருந்தே தொடங்குகிறேன்.

சொல்லைச் சரிசெய்தல்

நம் தமிழ்ப்பள்ளி அறிவியல் பாடத்தில் மாணவர்கள் சக்தி என்ற சொல்லைக் கற்கிறார்கள். இடைநிலைப்பள்ளிக்குச் சென்றதும் அது தெனாகா ஆகிறது. தமிழ்நாட்டுப் பாடநூலைத் திறந்தால் அதே கருத்து ஆற்றல் எனப்படுகிறது. இலங்கைப் பாடநூலில் மீண்டும் சக்தி. இதுவரை குழப்பம் இல்லை. ஒரு பொருளுக்கு இரு பெயர்கள், அவ்வளவே.

சிக்கல் அடுத்த சொல்லில் தொடங்குகிறது. ஒரு நொடிக்கு எவ்வளவு ஆற்றல் செலவாகிறது என்ற வேகத்தை வாட் என்னும் அலகால் அளக்கிறோம். மலாயில் அது குவாசா. இலங்கையில் வலு. தமிழ்நாட்டிலோ அதற்குத் திறன் என்று பெயர். இட்ட ஆற்றலில் எத்தனை பங்கு நாம் விரும்பிய பயனாக மாறியது என்ற விகிதம் முற்றிலும் வேறொரு கருத்து. மலாயில் அது கெசெகாபான். தமிழ்நாட்டில் பயனுறுதிறன் என்றும் இலங்கையில் வினைத்திறன் என்றும் வழங்குகிறார்கள். திறன் என்ற ஒரே சொல் ஓரிடத்தில் வேகத்தையும், மற்றோரிடத்தில் ஒரு கூட்டுச்சொல்லின் பகுதியாக நின்று விகிதத்தையும் குறிக்கிறது. அன்றாடப் பேச்சில் அது வெறும் ஆற்றலையும் கெட்டிக்காரத்தனத்தையும்கூடக் குறிக்கும். "இந்த இயந்திரம் திறன் மிக்கது" என்று ஒருவர் எழுதினால், அது நிறைய மின்சாரம் இழுக்கிறது என்றும் பொருள் கொள்ளலாம். குறைவாக இழுக்கிறது என்றும் பொருள் கொள்ளலாம்.

இதனோடு இன்னொரு சொல்லும் வந்து கலக்கிறது. அது சிக்கனம். சிக்கனம் என்பது முன்பு செலவழித்ததைவிட இப்போது குறைவாகச் செலவழிப்பது. வினைத்திறன் என்பது இட்டதற்கும் பெற்றதற்கும் உள்ள விகிதம். பணம் குறைவாகச் செலவழிக்கும் குடும்பம் சிக்கனமானதுதான். ஆனால் அந்தக் குறைந்த பணத்தில் பாதி வீணாகப் போகவும் கூடும். இரண்டும் ஒன்றல்ல.

இந்த உரையில் ஆற்றல், வலு, வினைத்திறன் என்ற மூன்று சொற்களையும் மேலே சொன்ன பொருளிலேயே பயன்படுத்துகிறேன். எந்த நாட்டின் சொல் உயர்ந்தது என்ற வழக்கிற்கு நான் வரவில்லை. கணக்குப் போடுவதற்கு மூன்று கருத்துகளுக்கும் மூன்று தனிச்சொற்கள் வேண்டும் என்பதே என் தேவை.

அச்சு என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வரி. தமிழில் அச்சு என்பது புத்தகம் அச்சிடுவது மட்டுமன்று. வார்ப்பதற்கான வடிவக் கூடும் அச்சுதான். அச்சு வெல்லம் என்ற பெயர் அப்படி வந்ததே. ஆனால் நாம் பேசும் தொழிலில் வடிவக் கூடே கிடையாது. கூடு இல்லாமலேயே வடிவம் எழுகிறது. சொல் ஊன்றிவிட்டதால் நானும் அச்சு என்றே சொல்கிறேன். கேட்போர் வார்ப்பை நினைத்துக்கொள்ளாமல் இருந்தால் போதும்.

சுண்டைக்காய் எவ்வளவு?

சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம் என்பது நம் பழமொழி. வாங்கும் பொருளைவிட அதைத் தூக்கி வரும் கூலி கூடுதலாகிவிட்ட நிலையை அது குறிக்கும். உலோக அச்சில் சுண்டைக்காய் எது, சுமைகூலி எது என்று பிரித்துப் பார்ப்போம்.

ஒரு கிலோ எஃகை அறை வெப்பநிலையிலிருந்து உருகுநிலைக்குக் கொண்டுசென்று முழுவதும் உருக்க ஏறத்தாழ 1.2 மெகாஜூல் ஆற்றல் போதும். ஒரு கிலோவாட் மணி என்பது 3.6 மெகாஜூல். ஆகவே இது மூன்றில் ஒரு பங்கு கிலோவாட் மணி. மின்கட்டண ரசீதில் கண்ணுக்குத் தெரியாத அளவு. இதுவே சுண்டைக்காய். இயற்கை விதி இதற்கு மேல் எதையும் கேட்பதில்லை.

இனி இயந்திரத்தைப் பார்ப்போம். எளிய கணக்கிற்காக நடைமுறைக்கு ஒத்த சில எண்களை எடுத்துக்கொள்கிறேன். லேசரின் ஒளி வலு 200 வாட். அந்த ஒளிப்புள்ளி நொடிக்கு 800 மில்லிமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஒரு கோட்டிற்கும் அடுத்த கோட்டிற்கும் இடைவெளி 0.1 மில்லிமீட்டர். அடுக்கின் தடிமன் 0.04 மில்லிமீட்டர், ஒரு தலைமயிரின் தடிமனைவிடக் குறைவு என்று கொள்ளலாம். வேகம், இடைவெளி, தடிமன் மூன்றையும் பெருக்கினால் நொடிக்கு 3.2 கன மில்லிமீட்டர் உலோகம் உருவாகிறது. 200ஐ 3.2ஆல் வகுத்தால் ஒரு கன மில்லிமீட்டருக்கு 62.5 ஜூல் ஒளி செல்கிறது என்று தெரியும். எஃகின் அடர்த்தியைக் கொண்டு மாற்றினால், ஒரு கிலோவுக்கு 7.9 மெகாஜூல் ஒளி.

உருக்கத் தேவை 1.2, அனுப்பிய ஒளி 7.9. ஏறத்தாழ நூற்றில் 15 பங்கு. மீதி எங்கே போயிற்று? ஒரு பகுதி உலோகத்தின் மேற்பட்டுத் தெறித்துத் திரும்புகிறது. வழவழப்பான உலோகப் பரப்பு கண்ணாடி போல ஒளியைத் திருப்பும். தூளாக இருப்பதால் ஒளி துகள்களுக்கிடையே பலமுறை மோதி ஓரளவு கூடுதலாக உட்கொள்ளப்படுகிறது. உட்சென்றதிலும் ஒரு பகுதி கீழுள்ள திண்ம உலோகத்தின் வழியே கடத்தப்பட்டு வெளியேறுகிறது. இன்னொரு பகுதி ஏற்கெனவே உருவான கீழ் அடுக்கையும் பக்கத்துக் கோட்டையும் மறுபடி உருக்குகிறது.

இந்தக் கடைசிப் பகுதியை வீண் என்று சொல்லிவிடக் கூடாது. கீழ் அடுக்கு மீண்டும் உருகினால்தான் மேல் அடுக்கு அதனோடு ஒன்றிப் பிடிக்கும். ஒளியைக் குறைத்து மிச்சம் பிடிக்க முயன்றால் அடுக்குகளுக்கிடையே உருகாத தூளும் வெற்றிடமும் தங்கிவிடும். அளவுக்கு மீறிக் கூட்டினால் உலோகம் ஆவியாகி ஆழ்ந்த குழி உண்டாகி, அதன் அடியில் குமிழிகள் சிறைப்படும். இரு வகையிலும் பொருள் கெடும். கெட்ட பொருளைக் கழித்துவிட்டு மறுபடி அச்சிட்டால் செலவு இரட்டிப்பாகும். மிச்சம் பிடிக்கப் போய் முழுவதையும் இழப்பது இத்தொழிலில் எளிதில் நேரக்கூடியது.

சுமைகூலி எங்கே போகிறது?

இனி ஒளிக்கு முன்னால் செல்வோம். லேசர் தானே மின்சாரத்தை உண்டுதான் ஒளியை உமிழ்கிறது. பழைய விளக்கு ஏற்றும் திண்ம லேசர்களில் உண்ட மின்சாரத்தில் நூற்றுக்குச் சில பங்கே ஒளியானது. கரியமில வாயு லேசர் ஏறத்தாழ நூற்றுக்கு 10. இன்றைய இழை லேசர்கள் நூற்றுக்கு 30 அல்லது அதற்கு மேலும் தருகின்றன. இந்தத் தொழில் பெருகியதற்கு இழை லேசரின் வரவு ஒரு முக்கியக் காரணம். 30 விழுக்காடு என்று கொண்டால், 200 வாட் ஒளிக்கு லேசர் ஏறத்தாழ 670 வாட் மின்சாரம் உண்ணும்.

இயந்திரம் முழுவதும் 3,000 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். லேசருக்கு 670 போக மீதி 2,330 வாட் எங்கே? லேசரைக் குளிர்விக்கும் பொறி, உள்ளே ஆர்கான் அல்லது நைட்ரஜன் வாயுவைச் சுழற்றும் விசிறி, அடித்தட்டைச் சூடாக வைத்திருக்கும் சூடேற்றி, தூளைப் பரப்பும் கையை இயக்கும் மோட்டார், கணினி ஆகியவற்றிற்கு. இவை எதுவும் உலோகத்தை உருக்குவதில்லை. ஆனால் இவை இல்லாமல் உருக்கவும் முடியாது.

நொடிக்கு 3.2 கன மில்லிமீட்டர் என்றால் மணிக்கு ஏறத்தாழ 91 கிராம் எஃகு. 3 கிலோவாட் இயந்திரம் 91 கிராம் செய்ய ஒரு மணி நேரம் ஓடுகிறது. ஆகவே ஒரு கிலோவுக்கு 33 கிலோவாட் மணி. அதாவது ஏறத்தாழ 120 மெகாஜூல். ஒரு வீட்டின் மாத மின்பயன்பாடு 300 கிலோவாட் மணி என்றால், அது 9 கிலோ உலோகம் அச்சிடவே சரியாகப் போகும். உலகின் பல ஆய்வுக்கூடங்களில் உண்மையான இயந்திரங்களை அளந்து வெளியிட்டுள்ள எண்களும் கிலோவுக்கு ஏறத்தாழ 80 மெகாஜூலிலிருந்து சில நூறு மெகாஜூல் வரை பரவியிருக்கின்றன.

தேவை 1.2, செலவு 120. நூற்றில் ஒரு பங்கு. பழமொழியின் சுமைகூலி மூன்று மடங்குதான். இங்கே அது 99 மடங்கு.

இதில் தூள் பரப்பும் நேரத்தை நான் இன்னும் சேர்க்கவில்லை. 100 மில்லிமீட்டர் உயரமுள்ள பொருளுக்கு 2,500 அடுக்குகள். ஒவ்வோர் அடுக்கையும் பரப்ப 10 நொடி என்றால் மொத்தம் 25,000 நொடி, ஏறத்தாழ 7 மணி நேரம். அந்த நேரம் முழுவதும் லேசர் அணைந்திருக்கும், மற்றவை ஓடிக்கொண்டிருக்கும். அதற்கே 16 கிலோவாட் மணி செலவாகும். தட்டின்மேல் 100 கிராம் எடையுள்ள ஒரே ஓர் உறுப்பு இருந்தால் அந்த 16 முழுவதும் அதன் தலையில் விழும்; கிலோ கணக்கில் 160. அதே தட்டில் பத்து உறுப்புகளை நிரப்பி அச்சிட்டால் அதே 16ஐ ஒரு கிலோ உலோகம் பகிர்ந்துகொள்ளும்.

பட்டர்வொர்த்திலிருந்து ஜார்ஜ் டவுனுக்குச் செல்லும் ஃபெரியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு பயணியோடு சென்றாலும் நிறைந்து சென்றாலும் அது எரிக்கும் எண்ணெயில் பெரிய வேறுபாடு இராது. ஒரு பயணிக்கு எவ்வளவு எண்ணெய் என்று கேட்டால்தான் வேறுபாடு தெரியும். ஆகவே இந்த இயந்திரத்தின் வினைத்திறன் இவ்வளவு என்று ஒற்றை எண்ணாகச் சொல்வது பொருளற்றது. அதை எப்படி நிரப்பி, எப்படி ஓட்டினார்கள் என்பதும் அந்த எண்ணுக்குள் அடங்கியிருக்கிறது.

இதுவரை போட்ட கணக்கின்படி உலோக அச்சு ஆற்றலை விழுங்கும் தொழில். வேண்டிய இடத்தை மட்டும் உருக்குவதால் மிச்சம் என்ற கூற்று இயந்திரத்தின் எல்லைக்குள் நிற்கவில்லை. அப்படியானால் உலகம் ஏன் இதைத் தேடிப் போகிறது? விடைக்குத் தமிழ்நாட்டின் தென்கோடிக்குச் செல்ல வேண்டும்.

மகேந்திரகிரியில் 665 நொடிகள்

திருநெல்வேலி மாவட்டத்தில் மகேந்திரகிரி மலையடிவாரத்தில் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமாகிய இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் இருக்கிறது. ஏவுகலன்களின் திரவ எரிபொருள் இயந்திரங்களை அங்கே எரியூட்டிச் சோதிக்கிறார்கள். 2024 மே 9ஆம் நாள் அங்கே பி.எஸ்.எல்.வி. ஏவுகலனின் நான்காம் கட்டத்திற்கு உரிய இயந்திரம் ஒன்று 665 நொடிகள் தொடர்ந்து எரியூட்டப்பட்டு வெற்றி கண்டது. அந்த வகை இயந்திரம் நெடுங்காலமாகப் பயன்பாட்டில் உள்ளதுதான். அன்று சோதித்தது மட்டும் லேசரால் தூளை உருக்கி அச்சிட்டது. இந்தியத் தொழில் நிறுவனமான விப்ரோ த்ரீடி அதைச் செய்துகொடுத்தது.

பழைய முறையில் அந்த இயந்திரம் 14 உறுப்புகளால் ஆனது. அச்சு முறையில் அது ஒரே உறுப்பு. 19 பற்றவைப்பு இணைப்புகள் இல்லாமற்போயின. பழைய முறையில் ஓர் இயந்திரத்திற்கு 565 கிலோ உலோகம், அடித்து உருவாக்கிய கட்டிகளாகவும் தகடுகளாகவும், தேவைப்பட்டது. புதிய முறையில் 13.7 கிலோ தூள் போதுமானது. உற்பத்திக் காலம் 60 விழுக்காடு குறைந்தது. இவை இஸ்ரோ வெளியிட்ட எண்கள்.

அதே மாதம் 30ஆம் நாள், சென்னையில் இயங்கும் அக்னிகுல் நிறுவனம் ஒரே துண்டாக அச்சிட்ட இயந்திரம் பொருத்திய சோதனை ஏவுகலனை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவியது. ஒரே மாதத்தில் இரு நிகழ்வுகள். தமிழ்ச் செய்தித்தாள்களில் முப்பரிமாண அச்சு என்ற சொற்றொடர் அடிக்கடி தென்படத் தொடங்கியதில் வியப்பில்லை.

565 கிலோவுக்குப் பதில் 13.7 கிலோ என்பதை 97 விழுக்காடு மிச்சம் என்று எழுதினார்கள். அது சரியான எண்தான். ஆனால் அது எதன் மிச்சம்? மூலப்பொருளின் மிச்சம். இஸ்ரோ சொன்னது பொருளின் கணக்கும் காலத்தின் கணக்கும். வாசகர் மனத்தில் அது 97 விழுக்காடு ஆற்றல் மிச்சமாக மாறிவிடும்போதுதான் மொழியியலாளனாகிய எனக்குக் கவலை பிறக்கிறது. மிச்சம் என்ற சொல்லுக்கு முன்னால் எதன் என்ற வேற்றுமைச் சொல் விடுபட்டால், ஒரு நல்ல எண்ணும் தவறான செய்தியாகிவிடும்.

எல்லை மாறினால் விடை மாறும்

பொருளின் மிச்சத்திலிருந்து ஆற்றலின் கணக்கிற்குச் செல்ல ஒரு வழி உண்டு. ஒவ்வொரு கிலோ உலோகமும் ஆலைக்கு வரும்போதே ஆற்றலைச் சுமந்துகொண்டு வருகிறது. தாதுவை வெட்டி, உருக்கி, தூய்மைப்படுத்தி, தகடாக்கிய ஆற்றல் அது. துருப்பிடிக்காத எஃகுக்கு அது கிலோவுக்கு 50 மெகாஜூல் அளவில் இருக்கும். டைட்டேனியத்திற்கு 500 மெகாஜூலைத் தொட்டு அதற்கு மேலும் செல்லும்.

நம் பத்தர்களைப் பாருங்கள். பொற்கொல்லர் பட்டறையில் ஊதுகுழலால் ஒரு புள்ளியை மட்டும் சூடாக்கிப் பற்றவைப்பார். வேலை முடிந்தபின் பட்டறைத் தூசியைக்கூடக் கூட்டி அள்ளி வைப்பார். நெருப்பின் செலவை அவர் பெரிதாகக் கருதுவதில்லை. பொன் வீணாகக் கூடாது என்பதே அவர் கவலை. உலோகம் அருமையானதாக இருக்கும்போது நெருப்பைத் தாராளமாகச் செலவழிப்பதும் அறிவுடைமையே. உலோக அச்சின் தருக்கமும் இதுதான்.

கணக்காகச் சொல்கிறேன். ஒரு கிலோ எடையுள்ள முடிவுப்பொருளைச் செய்யப் பழைய முறையில் எத்தனை கிலோ உலோகம் வாங்க வேண்டும் என்பதை ம என்று வைத்துக்கொள்வோம். ம கிலோ துருப்பிடிக்காத எஃகு சுமந்து வரும் ஆற்றல் 50 பெருக்கல் ம. அச்சு முறையில் வீணாவதற்கு ஒரு பத்தில் ஒரு பங்கு சேர்த்து 1.1 கிலோ உலோகம். அதன் ஆற்றல் 55 மெகாஜூல். அச்சிடும் மின்சாரம் 120. கூட்டினால் 175. இரண்டும் சமமாகும் இடம் ம = 3.5. மூன்றரைக் கிலோ வாங்கி ஒரு கிலோவை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைச் சீவி எறியும் நிலை இருந்தால், அதற்கு மேல் அச்சு வெல்லும். அதற்குக் கீழ் பழைய முறை வெல்லும். வெட்டிச் சீவும் ஆற்றலையும், உலோகத்தைத் தூளாக்கும் ஆற்றலையும் எளிமைக்காக விட்டிருக்கிறேன்.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. மாணவர்கள் கண்டுபிடித்திருப்பீர்கள். 50 மெகாஜூல் என்பது எரிபொருளிலிருந்து தொடங்கிய கணக்கு. 120 மெகாஜூல் என்பது சுவரில் உள்ள மின்செருகியிலிருந்து தொடங்கிய கணக்கு. மலேசியாவில் மின்சாரத்தின் பெரும்பகுதி நிலக்கரியாலும் இயற்கை எரிவாயுவாலும் வருகிறது. மின்னிலையம் எரிபொருளின் ஆற்றலில் 40 விழுக்காட்டை மின்சாரமாக்குகிறது என்று கொண்டால், 120 மெகாஜூல் மின்சாரத்திற்குப் பின்னால் 300 மெகாஜூல் எரிபொருள் இருக்கிறது. இப்போது கூட்டுத்தொகை 355. சமமாகும் இடம் 3.5இலிருந்து 7க்குத் தாவுகிறது. இயந்திரம் மாறவில்லை, உலோகம் மாறவில்லை. எல்லைக்கோட்டை மின்செருகியிலிருந்து மின்னிலையத்திற்கு நகர்த்தினோம், விடை இரட்டிப்பாயிற்று. டைட்டேனியத்திற்கு இதே கணக்கைப் போட்டால் 500 பெருக்கல் ம ஒரு பக்கம். 550உம் 300உம் சேர்ந்த 850 மறுபக்கம். சமமாகும் இடம் 1.7. உலோகம் அருமையாக ஆக, அச்சு விரைவில் வெல்கிறது.

மகேந்திரகிரி இயந்திரத்திற்கு வருவோம். 565ஐ 13.7ஆல் வகுத்தால் 41. அந்த உலோகத்தைத் துருப்பிடிக்காத எஃகைப் போலக் கருதிப் பார்த்தாலும் 41 என்பது 7ஐவிட மிகப் பெரிது. சீவி எறிந்த உலோகத்தை மீண்டும் உருக்கிப் பயன்படுத்தலாமே என்று ஒருவர் மறுப்பார். நியாயமான மறுப்பு. அதனால் பாதி ஆற்றல் மீளும் என்றே கொள்வோம். 41 ஏறத்தாழ 20 ஆகும். அச்சிடும் மின்சாரத்தையும் இரட்டிப்பாக்கிப் பார்ப்போம். சமமாகும் இடம் 13க்கு உயரும். அப்போதும் அச்சே வெல்கிறது. நூற்றில் ஒரு பங்கு வினைத்திறனே உள்ள இயந்திரம், மொத்தக் கணக்கில் மிச்சம் தருகிறது. லேசர் ஆற்றலை மிச்சம் பிடிக்கவில்லை. உருவாக்கத் தேவையில்லாமற்போன 550 கிலோ உலோகமே மிச்சத்தைத் தந்தது.

எல்லைக்கோட்டை இன்னும் விரித்தால், பொருள் பயன்படும் காலமும் உள்ளே வந்துவிடும். பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் ஏர் ஏசியாவின் ஏ320 நியோ விமானங்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றின் லீப் வகை இயந்திரத்தில் எரிபொருளைத் தெளிக்கும் முனை லேசரால் அச்சிடப்பட்டது. முன்பு 20 உறுப்புகளைச் சேர்த்துச் செய்ததை ஒரே உறுப்பாக்கி, எடையை 25 விழுக்காடு குறைத்தார்கள். பறக்கும் பொருளில் ஒவ்வொரு கிராமையும் ஆண்டுக்கணக்கில் எரிபொருள் செலவழித்துத் தூக்கிச் செல்ல வேண்டியிருக்கிறது. அத்தகைய இடத்தில் அச்சின் சுமைகூலி விரைவில் தீர்ந்துவிடும்.

ஆணிக்கு அச்சு வேண்டா

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். சந்தையில் கிலோ கணக்கில் கிடைக்கும் ஆணியையோ திருகையோ லேசரால் அச்சிடுவது ஆற்றலை ஆற்றில் கொட்டுவதாகும். அங்கே வாங்கும் உலோகம் பெரும்பாலும் முழுமையாகப் பொருளாகிவிடுகிறது. ம ஏறத்தாழ ஒன்று. அச்சுக்கு அங்கே வெல்ல வழியே இல்லை. வார்ப்பில் எளிதாக வரும் கனமான பொருள்களுக்கும் இதே நிலைதான்.

அச்சு தகுதியான இடங்களிலும் சுமைகூலியைக் குறைக்கும் வழிகள் பல உண்டு. தட்டை நிரப்பி அச்சிடுவது முதலாவது. ஓர் இயந்திரத்தில் பல லேசர்களை வைத்தால் விசிறியும் குளிரூட்டியும் ஓடும் நேரம் சுருங்கும். நுட்பம் தேவைப்படாத இடங்களில் அடுக்கின் தடிமனைக் கூட்டினால் அடுக்குகளின் எண்ணிக்கை குறையும். வேலையில்லா நேரத்தில் இயந்திரத்தை உறங்க வைப்பது ஒரு வழி. செம்பு போன்ற உலோகங்கள் வழக்கமான அகச்சிவப்பு லேசரைத் திருப்பி அனுப்பிவிடும். பச்சை ஒளி லேசரை அவை மேலும் நன்றாக உட்கொள்ளும். உருகாத தூளைச் சலித்து மீண்டும் பயன்படுத்துவது எங்கும் நடைமுறை. தேய்ந்த சுழலித் தகட்டை எறிந்துவிடாமல், தேய்ந்த முனையில் மட்டும் தூளைத் தூவி லேசரால் உருக்கிச் சேர்த்துப் பழுதுபார்ப்பதும் உண்டு. பத்தரின் வேலைக்கு மிக நெருங்கியது அதுவே.

வகுப்பறைக்கு மூன்று கேள்விகள்

ஆசிரியப் பெருமக்களே, இந்தக் கணக்குகளில் பெருக்கலும் வகுத்தலும் தவிர வேறெதுவும் இல்லை. படிவம் மூன்று மாணவர் ஒருவர் தாளும் பேனாவும் கொண்டு செய்துவிடலாம். கடினம் கணக்கில் இல்லை. கேள்வியைச் சரியாகக் கேட்பதில் இருக்கிறது. மிச்சம், திறன், சிக்கனம் என்ற சொல் ஒரு செய்தியில் தென்பட்டால் மூன்று கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள். எதன் மிச்சம்? எதனோடு ஒப்பிட்டு? எல்லைக்கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? இந்த மூன்றுக்கும் விடை இல்லாத எண் அறிவியல் அன்று, விளம்பரம்.

இந்தக் கேள்விகளைத் தமிழிலேயே கேட்க முடியும் என்பதை மாணவமணிகள் இன்று பார்த்தீர்கள். நாளை பினாங்கின் தொழிற்சாலைகளில் நீங்கள் பணியில் அமரும்போது, இயந்திரம் வாங்கச் சொல்லி வருபவர் ஆங்கிலத்திலோ மலாயிலோ மாண்டரினிலோ பேசுவார். எந்த மொழியில் பேசினாலும், எதன் மிச்சம் என்ற கேள்வி உங்கள் மனத்தில் முதலில் எழ வேண்டும். அந்தக் கேள்வி எந்த மொழியில் முளைத்தது என்று அவர் அறியப்போவதில்லை. ஆனால் ஆறாண்டு தமிழ்ப்பள்ளியில் ஆற்றலுக்கும் வலுவுக்கும் வினைத்திறனுக்கும் வேறுபாடு தெரிந்து படித்த ஒருவருக்கு அது தானாக எழும். சொற்களைப் பிரித்தறியாமல் படித்த ஒருவருக்கு எந்த மொழியிலும் எழாது.

பட்டர்வொர்த்தில் உலை மூட்டியவர்கள் எரிபொருளைக் கண்ணால் கண்டார்கள். கண்ணுக்குத் தெரிந்த செலவு அது. லேசரின் செலவு சுவருக்குப் பின்னால், மின்கம்பிக்குள், தொலைவில் உள்ள மின்னிலையத்தில் நடப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. கண்ணுக்குத் தெரியாததைக் கருத்துக்குத் தெரியச் செய்வதுதான் சொல்லின் வேலை. சுண்டைக்காயின் விலையைச் சொல்பவரிடம் சுமைகூலியையும் கேட்டு வாங்குங்கள்.